புள்ளிக்குப் பின்னால்: இயங்குவகை மொழிகளுக்கு உருவாக்கச் சூழல் அமைப்பது எப்படி?

கணினித் துறையில் பயிலும் நண்பர்களுக்கு இந்த அனுபவம் புதிதாக இராது. முதலாமாண்டில் ஜாவா கற்றுத் தருகிறார்கள். கணினிக்கூடத்தில் எக்ளிப்ஸ் மென்பொருளைத் திறந்து, 'மாணவர்' என்று ஒரு மாறியின் பெயரைத் தட்டி, அதை ஒட்டி ஒரு புள்ளி வைக்கிறோம். உடனே கீழே ஒரு பட்டியல் விரிகிறது: பெயர், வயது, மதிப்பெண், முகவரி. வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பெயரைப் பிழையாகத் தட்டிவிட்டால் நிரலை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே அடியில் சிவப்புக் கோடு விழுந்துவிடும்.

அடுத்த பருவத்தில் நான் பைத்தானுக்கு மாறினேன். அதே கணினி, அதே பழக்கம். புள்ளி வைத்தேன், பட்டியல் வரவில்லை. சில வேளைகளில் வந்தது. ஆனால் அதில் கோப்பில் உள்ள எல்லாப் பெயர்களும் சம்பந்தமின்றிக் குவிந்து கிடந்தன. ஒருநாள் இரவு, மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒப்படைக்க வேண்டிய பயிற்சிக்காக ஒரு நிரலை ஓடவிட்டுக் காத்திருந்தேன். நாற்பது நிமிடம் ஓடிய பிறகு கடைசிக் கட்டத்தில் நின்றுவிட்டது. 'மதிப்பெண்' என்று எழுத வேண்டிய இடத்தில் ஓர் ஒற்றெழுத்தை விட்டு 'மதிபெண்' என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு 'ப்' என் தூக்கத்தைக் கெடுத்தது.

அன்று எழுந்த கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து. அந்தப் பட்டியலை யார் தயாரிக்கிறார்கள்? ஒரு மொழிக்கு எளிதாக வருவது இன்னொரு மொழிக்கு ஏன் வர மறுக்கிறது? புதிதாக ஒரு மொழியை உருவாக்குபவர் இத்தனை வசதிகளையும் தாமே முதலிலிருந்து எழுத வேண்டுமா?

உருவாக்கச் சூழல் என்பது யாது?

நிரல் எழுதுவதற்கு ஒரு சாதாரண உரைப்பதிப்பி போதும். ஆனால் நிரலர் செய்யும் வேலை எழுதுவது மட்டுமன்று. ஒரு செயற்கூறு எங்கே வரையறுக்கப்பட்டுள்ளது என்று தேடுகிறார். அதை எங்கெல்லாம் அழைத்திருக்கிறோம் என்று பார்க்கிறார். பெயரை மாற்றினால் எல்லா இடங்களிலும் மாற்றுகிறார். ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி மாறிகளின் மதிப்பைப் பார்க்கிறார். இவை அனைத்தையும் ஒரே கூரையின் கீழ் தருவதே ஒருங்கிணைந்த உருவாக்கச் சூழல். ஐடிஇ என்று நாம் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான்.

இந்த வசதிகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. நாம் எழுதுவதை வெறும் எழுத்துக் கூட்டமாகப் பார்க்காமல், எது வகுப்பு, எது செயற்கூறு, எது மாறி, ஒவ்வொன்றும் எந்த வகையைச் சேர்ந்தது என்று அந்தச் சூழல் புரிந்துகொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்ன 'எந்த வகை' என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மா பூத்தது, மா வீழ்ந்தது

ஜாவா, சி போன்றவை நிலைவகை மொழிகள். ஒரு மாறியை அறிமுகப்படுத்தும்போதே அது எண்ணா, சரமா, மாணவரா என்று சொல்லிவிட வேண்டும். எனவே புள்ளி வைத்தவுடன் பட்டியலைத் தருவதற்குச் சூழல் சில வரிகள் மேலே போய்ப் பார்த்தால் போதும்.

பைத்தான், ரூபி, பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட், லுவா, டிசிஎல் ஆகியவை இயங்குவகை மொழிகள். இவற்றில் வகை மாறியின் பெயரோடு ஒட்டியிருப்பதில்லை. நிரல் ஓடும்போது அதில் வந்து அமரும் மதிப்போடு வருகிறது. ஒரு சிறு எடுத்துக்காட்டை எழில் என்னும் தமிழ் நிரலாக்க மொழியின் சொற்களைக் கொண்டே எழுதுகிறேன். பைத்தானிலும் அமைப்பு இதுவே.

நிரல்பாகம் கூட்டு(அ, ஆ)
    பின்கொடு அ + ஆ
முடி

இதில் 'அ' என்பது என்ன? பைத்தானில் இரண்டு எண்களைக் கொடுத்தால் இது கூட்டல். இரண்டு சொற்களைக் கொடுத்தால் அவற்றை ஒட்டவைக்கும் கருவி. இரண்டு பட்டியல்களைக் கொடுத்தால் அவற்றை இணைக்கும். எழுதியவருக்கு இது பெரிய விடுதலை. ஆனால் புள்ளி வைத்தால் பட்டியல் காட்ட வேண்டிய சூழலுக்கோ இது பெரும் புதிர்.

தமிழிலக்கணம் படித்தவர்களுக்கு இந்தப் புதிர் பழக்கமானதே. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறார். 'மா' என்ற சொல் மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். 'மா பூத்தது' என்றால் மரம் என்பது வினையாலேயே தெரிந்துவிடும். இப்படிப்பட்ட சொற்களுக்கு வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளியலாம் என்கிறார். 'மா வீழ்ந்தது' என்றால்? மரமும் வீழும், விலங்கும் வீழும். அங்கே வினை உதவாது. எந்த மா என்று வெளிப்படையாகக் கிளந்து சொல்லத்தான் வேண்டும்.

இயங்குவகை மொழிக்குச் சூழல் அமைப்பவர்கள் செய்வதும் இதையேதான். ஒரு மாறியின் மீது எந்தச் செயற்கூறு அழைக்கப்படுகிறது என்று பார்ப்பது வினை. அதே பட்டியலில் உடன் இருக்கும் மற்ற மதிப்புகளைப் பார்ப்பது இனம். அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது, முன் வரியில் என்ன நடந்தது என்று பார்ப்பது சார்பு. இந்த மூன்றும் கைகொடுக்காத இடத்தில் நிரலரே கிளந்து சொல்ல வேண்டும். இக்கட்டுரையின் மீதிப் பகுதி முழுவதும் இந்த இரு வழிகளின் கதையே.

முன்னோடி: சுமால்டாக்

இயங்குவகை மொழிகளுக்கு நல்ல சூழல் அமைக்கவே முடியாது என்று எண்ணிவிட வேண்டாம். வரலாறு நேர்மாறாக இருக்கிறது. 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஆலன் கே குழுவினர் உருவாக்கிய சுமால்டாக் ஓர் இயங்குவகை மொழி. வகுப்புகளை உலவிப் பார்க்கும் சாளரம், ஓடும் நிரலை நிறுத்தி அங்கேயே திருத்தும் வசதி ஆகியவற்றை அது அப்போதே தந்தது. நிரலின் செயல் மாறாமல் அமைப்பை மட்டும் சீர்படுத்தும் கருவிகளில் முன்னோடியான 'ரீஃபேக்டரிங் பிரவுசர்' சுமால்டாக்கிற்காகவே எழுதப்பட்டது. 1990-களில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் பிராண்ட், டான் ராபர்ட்ஸ் ஆகியோர் அதை உருவாக்கினர்.

எப்படி முடிந்தது? சுமால்டாக்கில் நாம் எழுதும் நிரலும் அதைத் திருத்தும் சூழலும் ஒரே நினைவகத்தில் ஒன்றாக உயிரோடு இருக்கின்றன. ஒரு பொருளின் வகை என்ன என்று ஊகிக்கத் தேவையில்லை. அந்தப் பொருளையே கேட்டுவிடலாம்.

பின்னர் வந்த பைத்தான், ரூபி, பிஎச்பி ஆகியவை வேறு பாதையில் வளர்ந்தன. அவற்றின் நிரல் கோப்புகளில் கிடக்கிறது. திருத்தும் கருவி வெளியே நின்று, ஓடாத கோப்பைப் பார்த்து, ஓடினால் என்ன ஆகும் என்று கணிக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்குள் இருப்பவரிடம் கேட்பதற்கும், வேலிக்கு வெளியே நின்று ஊகிப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

எக்ளிப்ஸ் தந்த அடித்தளம்

2001-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஐபிஎம் நிறுவனம் எக்ளிப்ஸைத் திறந்த மூலமாக வெளியிட்டது. 2004-இல் அதற்கெனத் தனி அறக்கட்டளை அமைந்தது. எக்ளிப்ஸின் சிறப்பு, அது எந்த ஒரு மொழிக்கும் உரியதன்று என்பதே. சாளரங்கள், கோப்பு மேலாண்மை போன்ற பொதுவானவற்றை அது தரும். மற்ற அனைத்தும் செருகுநிரல்களாக வந்து சேரும்.

அந்தச் செருகுநிரல்களில் மிகவும் புகழ்பெற்றது ஜாவாவுக்கான ஜேடிடி. அதைப் பார்த்த மற்ற மொழியினருக்கு, 'எங்களுக்கும் இதே போல் வேண்டும்' என்ற ஆசை எழுந்தது இயல்பே. ஆனால் எக்ளிப்ஸ் தந்த பொதுத்தளத்திற்கும் ஜேடிடி தந்த வசதிகளுக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. வகுப்பு, செயற்கூறு என்ற மாதிரி, அவற்றின் அட்டவணை, தேடல், பட்டியல் காட்டுதல் ஆகிய அனைத்தும் ஜேடிடிக்குள் ஜாவாவோடு பின்னிப் பிணைந்திருந்தன. எனவே ஒவ்வொரு குழுவும் தனித்தனியே அந்த இடைவெளியை நிரப்பியது. பைத்தானுக்குப் பைடெவ் 2003-இல் தொடங்கியது. ரூபிக்கு ஒன்று, பிஎச்பிக்கு ஒன்று என்று வேறு முயற்சிகளும் நடந்தன. ஒரே கிணற்றைப் பத்துப் பேர் பத்து இடங்களில் தோண்டிய கதை.

டிஎல்டிகே: பொதுவானதைப் பிரித்தெடுத்தல்

இந்த நிலையில்தான் 2006-இல் 'டைனமிக் லாங்குவேஜஸ் டூல்கிட்' என்னும் டிஎல்டிகே, எக்ளிப்ஸ் திட்டமாக முன்மொழியப்பட்டது. ரஷ்யாவைச் சேர்ந்த எக்ஸோர்ட் என்ற நிறுவனம் இதில் முன்னின்றது. 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதம் எக்ளிப்ஸ் 'யூரோப்பா' என்ற பெயரில் 21 திட்டங்களை ஒரே நாளில் வெளியிட்டபோது டிஎல்டிகேயும் அவற்றுள் ஒன்றாக இருந்தது.

இது ஒரு முடிந்த கருவியன்று. கருவி செய்வதற்கான சட்டகம். வீடு கட்டுபவருக்குத் தூண், உத்தரம், கூரை ஆகியவற்றை முன்கூட்டியே செய்து கொடுத்து, சுவரை மட்டும் உங்கள் விருப்பப்படி எழுப்பிக்கொள்ளுங்கள் என்று சொல்வது போன்றது. இயங்குவகை மொழிகள் அனைத்திற்கும் பொதுவானது எது, ஒவ்வொரு மொழிக்கும் தனியானது எது என்ற கேள்விக்கு டிஎல்டிகே தந்த விடையைப் பார்ப்போம்.

மொழியின் ஆசிரியர் தர வேண்டியவற்றுள் முதலாவது பாகுபடுத்தி. நிரல் உரையைப் படித்து அதைத் தொடரமைப்பு மரமாக மாற்றுவது இதன் வேலை. டிஎல்டிகேயோடு வந்த மாதிரிக் கருவிகளில் ரூபிக்கு ஜேரூபியின் பாகுபடுத்தியையும், பைத்தானுக்கு ஆன்ட்லர் என்ற கருவியால் உருவாக்கிய பாகுபடுத்தியையும் பயன்படுத்தினார்கள். ஏற்கெனவே இருப்பதை எடுத்துப் பொருத்திக்கொள்ள இடமிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

ஒரு நுட்பமான செய்தி இங்கே உண்டு. நிரல்பெயர்ப்பி, அதாவது வகுப்பில் நாம் கம்பைலர் என்று சொல்வது, முழுமையான நிரலையே எதிர்பார்க்கும். பிழை கண்டால் நிறுத்திவிடும். உருவாக்கச் சூழலுக்கு அந்த வசதி கிடையாது. நாம் தட்டிக்கொண்டிருக்கும்போது நிரல் எப்போதும் அரைகுறையாகத்தான் இருக்கும். புள்ளி வைத்த அந்தக் கணத்தில் அந்த வரி இலக்கணப்படி பிழையானதே. அந்தப் பிழையைப் பொறுத்துக்கொண்டு, மீதியைப் புரிந்துகொள்ளும் பாகுபடுத்திதான் நமக்கு வேண்டும்.

மரம் கிடைத்த பிறகு சட்டகம் பொறுப்பேற்கிறது. அந்த மரத்திலிருந்து வகுப்புகள், செயற்கூறுகள், மாறிகள் ஆகியவற்றைப் பொதுவான ஒரு மாதிரியில் பதிவு செய்கிறது. அவற்றை அட்டவணைப்படுத்தி வட்டில் சேமிக்கிறது. பக்கவாட்டில் தெரியும் நிரலின் உள்ளடக்கப் பட்டியல், செயற்கூறுகளை மடித்து வைக்கும் வசதி, வரையறைக்குத் தாவுதல், தேடல், பட்டியல் விரிதல் ஆகிய அனைத்தும் அந்தப் பொது மாதிரியின் மீதே இயங்குகின்றன. எனவே ஒருமுறை எழுதினால் எல்லா மொழிகளுக்கும் பயன்படும். கணினியில் நிறுவியுள்ள மொழிபெயர்ப்பியைக் கண்டறிந்து, அதன் நூலகங்கள் எந்தக் கோப்புறையில் உள்ளன என்று தெரிந்துகொள்வதற்கும் பொது ஏற்பாடு இருந்தது.

வகையை உய்த்துணர்தல்

இனி நாம் 'மா' என்ற புதிருக்குத் திரும்பலாம். மரமும் அட்டவணையும் இருந்தாலும் 'அ' எந்த வகை என்பது இன்னும் தெரியவில்லை.

நிரல் முழுவதையும் முன்கூட்டியே அலசி, ஒவ்வொரு மாறிக்கும் வகை கண்டுபிடித்து வைத்துக்கொள்வது ஒரு வழி. சிறு நிரலுக்கு இது சரி. இலட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரலுக்கு இது கட்டுப்படியாகாது. புள்ளி வைத்தவர் பட்டியலுக்காகக் காத்திருக்க மாட்டார்.

2004-ஆம் ஆண்டு அலெக்ஸாண்டர் ஸ்பூன், ஓலின் ஷிவர்ஸ் ஆகிய இருவரும் சுமால்டாக் மொழியை வைத்து வேறொரு வழியை முன்வைத்தார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் விடை தேடுவது அவ்வழி. 'இந்த இடத்தில் அ என்ன வகை?' என்பது ஓர் இலக்கு. அதற்கு விடை காண, 'கூட்டு எங்கெல்லாம் அழைக்கப்படுகிறது?' என்ற துணை இலக்கு பிறக்கிறது. மூன்று இடங்கள் என்றால், ஒவ்வோர் இடத்திலும் முதலாவதாகக் கொடுக்கப்பட்ட மதிப்பு என்ன வகை என்று மேலும் மூன்று துணை இலக்குகள். இப்படியே கிளை விட்டுக்கொண்டு போகும்.

கிளைகள் அளவு மீறினால் என்ன செய்வது? அங்கேதான் அவர்களுடைய நல்ல யோசனை இருக்கிறது. சில கிளைகளைக் கத்தரித்துவிட வேண்டும். கத்தரித்த கிளைக்கு 'எந்த வகையாகவும் இருக்கலாம்' என்று விடை எழுதிக்கொள்ள வேண்டும். அந்த விடை தவறன்று. துல்லியம் குறைவு, அவ்வளவே. நேரத்திற்காகக் கொஞ்சம் துல்லியத்தை விட்டுக்கொடுக்கும் இந்த அணுகுமுறையை டிஎல்டிகேயிலும் காணலாம். இலக்குகளை நிர்வகிக்கும் இயந்திரத்தையும் கத்தரிக்கும் ஏற்பாட்டையும் சட்டகம் தருகிறது. ஒவ்வொரு வகை இலக்கையும் தம் மொழியின் விதிப்படி எப்படி மதிப்பிடுவது என்பதை மட்டும் மொழியின் ஆசிரியர் எழுதுகிறார்.

ஆயினும் எல்லை ஒன்று உண்டு. ரூபியில் இல்லாத ஒரு செயற்கூறை அழைத்தால், அந்த அழைப்பைப் பிடித்து அந்த நேரத்திலேயே விடை தரும்படி நிரலை எழுதலாம். தரவுத்தள அட்டவணையில் உள்ள பத்திகளின் பெயர்களைப் பார்த்து, நிரல் ஓடும்போதே செயற்கூறுகளை உருவாக்குவது ரூபி ஆன் ரெயில்ஸின் புகழ்பெற்ற வித்தை. அந்தப் பெயர்கள் எந்த நிரல் கோப்பிலும் இல்லை. இல்லாத ஒன்றை எந்தப் பாகுபடுத்தியாலும் கண்டுபிடிக்க முடியாது. டிசிஎல் மொழியிலோ நிபந்தனை, சுழற்சி ஆகியவைகூடச் சாதாரணக் கட்டளைகளே. நிரலர் விரும்பினால் அவற்றையும் மாற்றி எழுதலாம். இவையெல்லாம் 'மா வீழ்ந்தது' வகையைச் சேர்ந்தவை.

வழுநீக்கியும் ஒரு பொது நெறிமுறையும்

கோப்பைப் பார்த்து ஊகிக்க முடியாததை, ஓடும் நிரலிடம் நேரே கேட்கலாம் அல்லவா? வழுநீக்கி செய்வது அதுவே. குறிப்பிட்ட வரியில் நிரலை நிறுத்தி, மாறிகளின் மதிப்பையும் வகையையும் நமக்குக் காட்டும். சுமால்டாக்கின் வீட்டுக்குள் சிறிது நேரம் நுழைந்து பார்ப்பது போன்றது இது.

இங்கே டிஎல்டிகே புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், ஏற்கெனவே இருந்த டிபிஜிபி என்ற நெறிமுறையை எடுத்துக்கொண்டது. பிஎச்பி எழுதுபவர்கள் எக்ஸ்டிபக் வழியாக இதை அறிந்திருப்பார்கள். இதில் ஓடும் நிரல்தான் உருவாக்கச் சூழலோடு தொடர்பு கொள்ளும்; சூழல் கட்டளை அனுப்ப, நிரல் எக்ஸ்எம்எல் வடிவில் பதில் தரும். நெறிமுறையைப் பேசத் தெரிந்த எந்த மொழியும் எந்தச் சூழலோடும் உரையாடலாம். இந்தச் சிறிய முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுகளுக்குப் பின் வந்த பெரிய மாற்றத்தின் விதை இதற்குள் இருந்தது.

பலித்தது எது, பலிக்காதது எது?

சட்டகம் வீண்போகவில்லை. எக்ளிப்ஸின் பிஎச்பி கருவியான பிடிடி, தன் இரண்டாம் பதிப்பில் டிஎல்டிகேயின் மீது மாறி அமைந்தது. பிரேசில் நாட்டில் 1993-இல் பிறந்த லுவா மொழிக்கு எல்டிடி என்ற சூழல் இதே அடித்தளத்தில் எழுந்தது. லுவாவில் வகுப்பு என்ற ஒன்றே இல்லை, எல்லாம் அட்டவணைகள்தாம். எனவே அக்கருவி, நிரலர் எழுதும் குறிப்புரைகளிலிருந்தே வகைகளைத் தெரிந்துகொள்ளும்படி செய்தது. கிளந்து சொல்லும் வழி அப்போதே தலைகாட்டிவிட்டது.

ஆனால் குறைகளும் இருந்தன. டிஎல்டிகேயின் பொது மாதிரி ஜேடிடியைப் பார்த்து வார்க்கப்பட்டது. ஜாவாவின் சாயல் அதில் படிந்திருந்தது. இரண்டாவது குறை இன்னும் பெரியது. ரூபிக்கோ பைத்தானுக்கோ கருவி செய்ய விரும்புபவர் அதை ஜாவாவில் எழுத வேண்டும். எக்ளிப்ஸின் உள்ளமைப்பைக் கற்க வேண்டும். தம் மொழியை நேசிப்பவர் தம் மொழியிலேயே கருவி செய்யத்தான் விரும்புவார். அவ்வளவு உழைத்தாலும் விளைவது எக்ளிப்ஸுக்குள் மட்டுமே இயங்கும். விம், ஈமேக்ஸ் பயன்படுத்துபவருக்கு அதனால் பயனில்லை. பைத்தானுக்கு மிகவும் புகழ்பெற்ற எக்ளிப்ஸ் கருவியான பைடெவ்கூடத் தன் தனிப்பாதையிலேயே தொடர்ந்தது.

பெருக்கல் கூட்டலாக மாறியது

கணக்காகச் சொன்னால் சிக்கல் இதுதான். பத்து மொழிகள், ஆறு பதிப்பிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு பதிப்பியிலும் வசதி வேண்டுமென்றால் அறுபது கருவிகள் எழுத வேண்டும். டிஎல்டிகே ஒரு பதிப்பிக்குள் அந்தச் சுமையைக் குறைத்தது. எல்லாப் பதிப்பிகளுக்கும் குறைக்க வேறொரு வழி தேவைப்பட்டது.

2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மைக்ரோசாஃப்ட், ரெட்ஹேட், கோடென்வி ஆகிய நிறுவனங்கள் 'லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்' என்ற மொழி வழங்கி நெறிமுறையை அறிவித்தன. எல்எஸ்பி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மொழியைப் புரிந்துகொள்ளும் பகுதி தனி நிரலாக, தனக்குப் பிடித்த மொழியில் எழுதப்பட்டு, வழங்கியாக ஓடும். பதிப்பி அதனிடம் ஜேசன் வடிவில் செய்தி அனுப்பும்: 'இந்தக் கோப்பில் பத்தாம் வரி, ஏழாம் இடத்தில் புள்ளி வைத்திருக்கிறார். என்ன காட்டலாம்?' வழங்கி பட்டியலைத் திருப்பி அனுப்பும். இப்போது பத்து வழங்கிகளும், அவற்றோடு பேசத் தெரிந்த ஆறு பதிப்பிகளும் போதும். அறுபது பதினாறாகச் சுருங்கிவிட்டது. வழுநீக்கிக்கும் இதே பாணியில் தனி நெறிமுறை வந்தது.

இதில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. எக்ளிப்ஸின் ஜேடிடி குழுவை வழிநடத்தியவர் எரிக் காமா. பின்னர் மைக்ரோசாஃப்டில் விஷுவல் ஸ்டூடியோ கோட் பதிப்பியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. எக்ளிப்ஸில் கற்ற பாடங்கள் அப்படியே அழிந்துவிடவில்லை. வேறு வடிவம் பெற்றன.

கிளந்து சொல்லும் காலம்

நெறிமுறை மாறினாலும் 'மா' என்ற புதிர் மாறவில்லை. வழங்கிக்குள்ளும் அதே உய்த்துணர்தல் நடந்தாக வேண்டும். இங்கே மொழிகளே ஓரடி இறங்கி வந்தன. 2012-இல் வெளிவந்த டைப்ஸ்கிரிப்ட், ஜாவாஸ்கிரிப்டின் மீது வகைக் குறிப்புகளைச் சேர்த்தது. 2015-இல் வெளிவந்த பைத்தான் 3.5, விரும்பினால் வகையை எழுதிக்கொள்ளும் முறையை வகுத்தது. 2020-இல் வந்த ரூபி 3.0, வகைகளைத் தனிக் கோப்பில் எழுதிவைக்க வழி செய்தது. எழுதியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வினையாலும் சார்பாலும் தெரியுமிடத்தில் விட்டுவிடலாம். தெரியாத இடத்தில் மட்டும் கிளந்து சொல்லலாம். இலக்கணம் காட்டிய இரண்டு வழிகளும் இன்று ஒரே நிரலில் அருகருகே வாழ்கின்றன.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

பேரவையின் மலரில் இவ்வளவு கணினிச் செய்தி எதற்கு என்று சிலர் கேட்கலாம். பெரிய மொழிகளுக்குப் பெரிய நிறுவனங்கள் துணை நிற்கும். சட்டகம் இல்லாவிட்டாலும் அவை பிழைத்துக்கொள்ளும். பொதுச் சட்டகமும் பொது நெறிமுறையும் உண்மையில் வாழவைப்பது சிறிய மொழிகளையே. ஒருவர் இருவர் மட்டும் பராமரிக்கும் மொழிக்கும், உலகப் புகழ்பெற்ற மொழிக்குக் கிடைக்கும் அதே பட்டியலும் அதே சிவப்புக் கோடும் கிடைக்க வழி பிறந்திருக்கிறது.

நான் மேலே எடுத்துக்காட்டிய எழில் அத்தகைய மொழிகளுள் ஒன்று. தமிழ்ச் சிறுவர்கள் தாய்மொழியிலேயே நிரலாக்கம் பழக வேண்டும் என்ற நோக்கத்துடன் எழுந்த இதைப் பற்றி, 2009-இல் முத்தையா அண்ணாமலை ஒரு கட்டுரை வெளியிட்டார். எழில் பைத்தானில் எழுதப்பட்டது. 2007-இல் இப்படிப்பட்ட மொழிக்கு எக்ளிப்ஸில் வசதி வேண்டுமென்றால், ஜாவாவும் எக்ளிப்ஸின் உள்ளமைப்பும் கற்றாக வேண்டியிருந்தது. இன்று பைத்தான் தெரிந்த ஒரு மாணவர் பைத்தானிலேயே அதற்கொரு மொழி வழங்கியை எழுதலாம்.

அதை எழுத முன்வருபவர் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். 'கூட்டு' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? நமக்கு மூன்று: கூ, ட், டு. யூனிகோடில் ஆறு குறிகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 18 பைட்டுகள். எல்எஸ்பி தொடக்கத்திலிருந்து இடத்தை யூடிஎஃப்-16 அலகுகளில் எண்ணுகிறது. அந்தக் கணக்கில் விடை ஆறு. 2022-இல் வந்த 3.17 பதிப்பு முதல், வழங்கியும் பதிப்பியும் பேசிவைத்துக்கொண்டு வேறு முறையிலும் எண்ணலாம். வழங்கி பைட்டுகளை எண்ண, பதிப்பி அலகுகளை எண்ணினால், சிவப்புக் கோடு பிழையான சொல்லை விட்டு எங்கோ போய் விழும். ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இந்த வழு கண்ணிலேயே படாது. அங்கே மூன்று முறையிலும் விடை ஒன்றுதான். தமிழில் தட்டிப் பார்க்கும் நாம்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

இறுதியாண்டுத் திட்டத்திற்குத் தலைப்புத் தேடும் தம்பி தங்கைகளே, பெரிதாக எதையும் தொடங்க வேண்டாம். பிழையைப் பொறுத்துக்கொள்ளும் ஒரு சிறு பாகுபடுத்தி. கோப்பில் உள்ள நிரல்பாகங்களைப் பட்டியலிடும் ஒரு வசதி. அறிமுகமாகாத பெயரைக் கண்டால் அடியில் ஒரு கோடு. ஒரு பருவத்துக்கு இவை போதும். அந்தக் கோடு சரியான எழுத்தின் கீழ் விழுந்தால், எங்கோ ஒரு மாணவர் விடுபட்ட ஒரு 'ப்'-க்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியிராது.